தமிழ் நாவல் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு, நான் செலவழித்துத் தெரிந்துகொண்டவை

நாற்பது வயதுக்கு மேல் தமிழ் நாவல் படிக்க ஆசை வந்தால் வழி சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். சின்ன வயதிலிருந்து படிக்கிறவர்களுக்கு எதற்குப் பிறகு எதைப் படிப்பது, எந்தப் பதிப்பை வாங்குவது என்பதெல்லாம் வீட்டுக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. அம்மாவோ சித்தியோ பைண்டு பண்ணி வைத்த தொடர்கதை ஒன்றாவது பரணில் கிடக்கும். எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தையும் பாடப் புத்தகத்தையும் தவிர வேறு அச்சுத்தாள் இருந்ததில்லை. அதனால் எல்லாவற்றையும் நானே தேடினேன். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் போனது, பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அதில் பாதிப் பணம் எனக்குப் பயன்படாத புத்தகங்களில் முடங்கிவிட்டது. அந்தப் பணம் அந்த நேரத்தில் எனக்குப் பெரிய தொகை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. இடுப்பு டிஸ்க் விலகி, எழுந்து உட்கார முடியாமல் படுக்கையில் விழுந்தேன். சம்பளம் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்காரர் தினமும் திருப்பூர் போய் வருகிறவர், பையன் விடுதியில். காலை எட்டு மணிக்கு வீடு அமைதியாகிவிட்டால் ராத்திரி வரைக்கும் நானும் மின்விசிறியும்தான். போனைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததே தவிர வலி மறக்கவில்லை. அப்போதுதான் கதை படிக்கலாம் என்று தோன்றியது. பகலில் அழுதுகொண்டே கிடந்த நாட்கள் அவை. ஒரு நல்ல கதை கையில் இருந்தால் போதும், இரண்டு மணி நேரம் இடுப்பை மறக்கலாம் என்ற நப்பாசை.

எல்லோரும் சொல்கிற பெயர் ‘பொன்னியின் செல்வன்’. 2022இல் படம் வந்த பிறகு எங்கு பார்த்தாலும் அதன் அட்டைதான். ஆன்லைனில் விலை குறைவான ஒரு பதிப்பை வாங்கினேன். ஒரே புத்தகம், பளபளப்பான அட்டை. வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான், நாலு பக்கம் தாண்டுவதற்குள் கடம்பூர் மாளிகைக்குள் போய்விட்டான். கதை ஓடுகிறதே தவிர மனிதர்கள் யாரும் மனதில் நிற்கவில்லை. இதற்கா இத்தனை பேர் உருகுகிறார்கள், நமக்குத்தான் ரசனை இல்லையோ என்று மனசு ரொம்ப வாடிப்போனது. பிறகு வீட்டுக்காரர் அதை உக்கடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் மாற்றக் கொண்டுபோனபோது, கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது சுருக்கிப் போட்டதுங்க. முழுசு அஞ்சு பாகமுங்க” என்று சொல்லியிருக்கிறார். உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், சுருக்கம் என்று ஒரு வரி இருந்தது. அட்டையிலும் இல்லை, விற்ற இடத்திலும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் இதைச் சொல்கிறேன். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால்தான் ஒரே நாவல் பல விலையில், பல தரத்தில் கிடைக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ என்றால் புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகத்தின் பெயரும் பொருளடக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண அளவு எழுத்தில் அச்சிட்டால் அது இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். நானூறு ஐந்நூறு பக்கத்தில் அடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது சுருக்கம். கடைசியில் கல்கி எழுதிய முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கதை முடிந்த பிறகு இன்னார் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லியிருப்பார். அது இல்லாவிட்டால் வாசல் வரை வந்து வழியனுப்பாத வீடு மாதிரி இருக்கும். மணியம் வரைந்த படங்களோடு இருக்கும் பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, தொடர் வந்தபோது வாசகர்கள் பார்த்த முகங்கள் அவைதான்.

அடுத்து முழுப் பதிப்பை வாங்கினேன். அதிலும் ஒரு சிக்கல். ஐந்து பாகத்தையும் ஒரே கெட்டி அட்டையில் சேர்த்த புத்தகம். படுத்துக்கொண்டு தூக்கிப் பிடிக்க முடியவில்லை. பத்து நிமிஷத்தில் தோள் கடுத்தது, ஒரு தடவை முகத்திலேயே விழுந்தது. உடம்புக்கு முடியாதவர்களுக்கோ வயசானவர்களுக்கோ வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் பாகம் பாகமாகத் தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. தலையணைப் புத்தகம் அலமாரியில் அழகாக இருக்கும், கையில் நிற்காது.

முழுசாகக் கிடைத்த பிறகும் முதல் பாகத்தில் திணறினேன். ஒரு நாளில் இருபது அத்தியாயம் படிப்பேன், பிறகு சலித்து இரண்டு வாரம் மூடி வைப்பேன். காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர் அது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை ஒருவரைக் காத்திருக்க வைப்பதற்காக எழுதப்பட்டது. முடிவில் ஒரு முடிச்சு விழும், அடுத்ததன் தொடக்கத்தில் விட்ட இடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துவார். மொத்தமாக விழுங்கினால் அந்த முடிச்சுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அலுப்பாகிவிடும். ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். மத்தியானம் மாத்திரை போட்ட பிறகு ஒன்று, சாயங்காலம் ஒன்று, விளக்கணைக்கும் முன் ஒன்று. பூங்குழலி படகில் வரும் பகுதிக்கு வந்தபோது அடுத்த அத்தியாயத்துக்காக நானே வலியப் பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் வலி மாத்திரைகூட ஒன்று குறைந்தது, நிஜமாகவே.

கல்கியில் இன்னொரு வரிசைக் குழப்பம் உண்டு. ‘சிவகாமியின் சபதம்’ நடக்கும் காலம் முந்தையது, ‘பார்த்திபன் கனவு’ அதற்குப் பிந்தையது. காலவரிசைப்படி படியுங்கள் என்று சொல்வார்கள். நான் அப்படிப் படித்தேன், ‘பார்த்திபன் கனவி’ன் முக்கியமான மர்மம் ஒன்று எனக்கு மர்மமாகவே இல்லாமல் போனது. கல்கி எழுதியது ‘பார்த்திபன் கனவை’த்தான் முதலில். அவர் எழுதிய வரிசையிலேயே படியுங்கள். அது சின்ன நாவலும்கூட. சரித்திரக் கதை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’வும் ‘யவன ராணி’யும் குமுதத்தில் தொடராக வந்தவை. அவற்றிலும் நாளுக்கு மூன்று அத்தியாயம் என்ற அதே வேகம்தான் எனக்கு உதவியது. வர்ணனை நீளும் இடங்களில் பொறுமை வேண்டும், சண்டையும் கடலும் வந்துவிட்டால் கீழே வைக்க முடியாது.

சரித்திரம் முடித்துத் துப்பறியும் கதைக்கு வந்தேன். எங்கள் ஊர்க்காரர் ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவர். இத்தனையில் எதிலிருந்து தொடங்குவது? அவருடைய துப்பறிவாளர் விவேக்கும் மனைவி ரூபலாவும் வருகிற கதை என்று கேட்டு, மூன்று மூன்று நாவலாகச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள் சிலவற்றை ஆன்லைனில் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஒரே நாவல் இரண்டு தொகுப்பில் இருந்தது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். கிட்டத்தட்ட தொள்ளாயிரம் ரூபாய் அப்படிப் போனது. எரிச்சலில் அந்த மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாத நாவல்கள் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் தொங்கவிட்டு விற்பதற்காக வந்தவை. ஒரு பயணத்தில் படித்து முடித்துவிடலாம். முதலில் வந்தபோது தனி இதழ், பிறகு வேறு வேறு சேர்க்கையில் மறுபடி அச்சாகும். ஆகவே தொகுப்பு வாங்கும்போது அட்டைத் தலைப்பை நம்பாமல் உள்ளே இருக்கும் நாவல்களின் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இப்போது அதற்கென ஒரு நோட்டு இருக்கிறது. இன்னும் நல்ல வழி, பழைய புத்தகக் கடையில் தனி இதழ்களாக வாங்குவது. நான் கொடுத்த தொள்ளாயிரத்துக்கு அங்கே ஒரு கட்டே கிடைத்திருக்கும்.

படிக்கும் முறையையும் சொல்கிறேன். ராஜேஷ்குமார் இரண்டு கதைகளை மாற்றி மாற்றி ஓட்டுவார். ஒரு அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்தது சம்பந்தமே இல்லாத ஆட்களோடு வேறு இடத்தில். கடைசியில் இரண்டும் ஓரிடத்தில் மோதும். இது தெரியாதபோது எனக்குப் பக்கம் மாறி அச்சாகிவிட்டதோ என்ற சந்தேகம்! தெரிந்த பிறகு, இரண்டும் எங்கே சேரும் என்று ஊகிப்பதே பெரிய சுகமாகிவிட்டது. ஒரே உட்காரலில், என் விஷயத்தில் ஒரே படுக்கையில், முடித்தால்தான் அதன் ருசி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி எல்லாரும் இப்படியே வந்து சேர்ந்தார்கள். அமானுஷ்யம் பிடிக்குமென்றால் இந்திரா சௌந்தர்ராஜன். ராத்திரி தனியாக இருக்கிறவர்கள் பகலிலேயே படித்துவிடுங்கள், இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

சுஜாதாவில் இழப்பு பணத்தில் இல்லை, ஆசையில். ‘மீண்டும் ஜீனோ’ வாங்கிப் படித்து முடித்த பிறகுதான் அது ‘என் இனிய இயந்திரா’வின் தொடர்ச்சி என்று தெரிந்தது. முதல் நாவலின் முடிவு முன்பே தெரிந்துவிட்டதால், நிலாவும் அந்த இயந்திர நாயும் முதன்முதலில் சந்திக்கும் ஆச்சரியம் எனக்குக் கிடைக்கவே இல்லை. இரண்டாம் பாகம் என்று அட்டையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? வக்கீல்கள் கணேஷ், வசந்த் துப்பறியும் கதைகளுக்கு அந்தக் கவலை இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி, எங்கேயும் தொடங்கலாம். 1968இல் வந்த ‘நைலான் கயிறு’ அவருடைய முதல் நாவல், அதில் கணேஷ் மட்டும்தான். வசந்தின் குறும்புக்காகத் தேடுகிறவர்கள் பிற்பாடு வந்தவற்றை எடுங்கள். கிராமச் சூழலில் நடக்கும் கொலைக்கதை என்றால் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’, என்னை ஒரு முழு ராத்திரி வலி தெரியாமல் வைத்திருந்த புத்தகம் அதுதான்.

குடும்பக் கதைகளைப் பக்கத்து வீட்டு அக்கா தந்தார். ரமணிசந்திரன், லட்சுமி, சிவசங்கரி என்று பை நிறைய. “இதையெல்லாம் வெளியே சொல்லாதே, சிரிப்பாங்க” என்றும் சொன்னார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. வேலையும் சமையலும் முடித்து இருபது வருஷம் அந்தப் பக்கங்களில் இளைப்பாறியவர் அவர், எதற்குக் கூச வேண்டும்?

என்னை உண்மையில் நோகடித்தது அதற்குப் பிறகு வந்த கட்டம். கட்டாயம் படிக்க வேண்டிய தமிழ் நாவல்கள் என்று ஒரு பட்டியலைப் பிடித்து, முதலில் இருந்த நாலைந்தை மொத்தமாக வாங்கினேன். இரண்டாயிரத்துக்கு மேல் ஆனது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ முதலில் கைக்கு வந்தது. முப்பது பக்கம் போவதற்குள் நின்றுவிட்டேன். மறுபடி தொடங்கினேன், மறுபடி நின்றேன். கதை எங்கே என்று தேடித் தேடி ஒரு மத்தியானம் அழுகையே வந்துவிட்டது. உடம்புதான் முடியவில்லை என்று பார்த்தால் புத்தியும் போய்விட்டதா என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது, 1981இல் வந்த அந்த நாவல், அதற்கு முன்பு தமிழில் எழுதப்பட்டவற்றோடும் எழுத்தாளர்களின் உலகத்தோடும் வாதம் செய்கிற புத்தகம். அந்த உலகம் கொஞ்சமாவது தெரிந்தவர்களுக்கு அது திறக்கும். புதிதாக வருகிறவர்களிடம் அதை முதலில் நீட்டுகிற பட்டியல் எனக்கு உதவவில்லை. அதே ஆசிரியரின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை முதலில் யாராவது கையில் கொடுத்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும். ஒரு மரம், அதைச் சுற்றி ஒரு ஊர், கடைத்தெருவில் கதை சொல்கிற ஒரு கிழவர். யாருக்கும் பிடிபடும்.

நான் மீண்டு வந்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ வழியாக. மெலிந்த புத்தகம் என்பதற்காகவே எடுத்தேன், கையில் பிடிக்கலாமே என்று. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலையும் ஜமுனா, அவள் தங்கை சாயா. ஒரு கடினமான வார்த்தை கிடையாது. எதிர்த்தாற்போல் இருந்து டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் கிடந்தேன். என் நிலைமைக்காக நான் பட்டுக்கொண்டிருந்த இரக்கம் அங்கே கொஞ்சம் விலகியது. அழாதே, தைரியமாக இரு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, அந்த அம்மாள் தனக்கு நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இலக்கியம் என்று தனியாக ஒன்று மிரட்டிக்கொண்டு நிற்கிறது என்ற பயம் அன்றோடு போயிற்று. சிறிய நாவல்களிலிருந்தும் சிறுகதைகளிலிருந்தும் தொடங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். தி. ஜானகிராமனுக்கு ‘அம்மா வந்தாள்’, பிறகு ‘மோகமுள்’. புதுமைப்பித்தனுக்கு ‘பொன்னகரம்’, இரண்டு மூன்று பக்கம்தான், பிறகு ‘காஞ்சனை’. பேய்க்கதை பிடித்தவர்கள் ‘காஞ்சனை’யிலேயே தொடங்கலாம். அவருடைய கதைகளுக்குப் பல தொகுப்புகள் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த முழுத் தொகுப்பு விலை கூடுதல்தான், ஆனால் எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்ற விவரம் அதில் இருக்கிறது. நான் பணம் கொடுத்ததற்கு ஒரு கணமும் வருந்தாத புத்தகம்.

எது எங்கே வந்தது என்று பார்க்கத் தொடங்கிய பிறகு, ஜனரஞ்சகம் ஒரு பக்கம், இலக்கியம் ஒரு பக்கம் என்று நான் கேள்விப்பட்டிருந்த சுவரே எனக்கு அத்தனை உயரமாகத் தெரியவில்லை. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் காரில் ஏறிய பெண் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்கிறாள், தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி எல்லாம் கழுவப்பட்டுவிட்டது என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அந்த நாவலும் ஒரு பத்திரிகைத் தொடர்தான். சிறுகதையை முதலில் படித்துவிட்டு நாவலுக்குப் போங்கள். வரிசை மாறினால் நாவலின் நாயகி கங்காவின் கசப்பு பாதிதான் புரியும். கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ விகடனில் வந்தது, அதற்கும் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதற்கு முன்பு ‘கோபல்ல கிராமம்’ படிக்க வேண்டும். கரிசல் வழக்கு புரியாத இடங்களில் வாய்விட்டுப் படியுங்கள், காது புரிந்துகொள்ளும். கொங்கு வழக்குக்காரியான எனக்கே புரிந்தது.

மிகப் பழையவற்றுக்கு ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம். நான் செலவழித்தேன், அதனால் சொல்கிறேன். 1879இல் வெளியான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல். ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்த பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ எல்லாம் 1890களைச் சேர்ந்தவை. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு போன்றவர்களின் துப்பறியும் நாவல்கள் அதற்குப் பிந்தியவை. இப்படிப்பட்ட பலவற்றை மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு அத்தியாயத்தை அங்கே படித்துப் பார்த்து, பிடித்தால் அச்சுப் புத்தகம் வாங்குங்கள். ‘கமலாம்பாளி’ல் வம்பு பேசும் பெண்கள் வரும் பகுதி நேற்று எழுதியதுபோல இருக்கிறது.

நடக்க ஆரம்பித்ததும் முதலில் போனது ஆர்.எஸ்.புரம் மாவட்ட மைய நூலகத்துக்கு. படுக்கையில் கிடந்தபோது வீட்டுக்காரரை அனுப்பி உறுப்பினர் ஆகியிருந்தால் அந்தப் பதினோராயிரத்தில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். நான் வாங்கியவற்றில் பாதி அங்கே அலமாரியில் நின்றன. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ அங்கேதான் கிடைத்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளின் கதை. அதற்குப் பிறகு உப்பைக் கையில் எடுக்கும்போது நினைவு வராமல் இருப்பதில்லை. நூலகத்தில் படித்து, மறுபடி படிக்கத் தோன்றுவதை மட்டும் வாங்குவது என்று இப்போது வைத்திருக்கிறேன். வாங்குவதையும் புத்தகக் காட்சிக்குத் தள்ளிப்போடுகிறேன். சென்னையில் பொங்கலை ஒட்டி 1977 முதல் நடக்கும் காட்சியானாலும், இங்கே கொடிசியாவில் நடப்பதானாலும் பத்து சதவீதம் தள்ளுபடி வழக்கமாக உண்டு, அதைவிட முக்கியம் புரட்டிப் பார்க்கலாம். எழுத்தின் அளவு, தாளின் கனம், ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் கட்டு) மாறாமல் பக்க எண் வரிசையாக வருகிறதா என்று நடுவில் நாலைந்து இடத்தில் பாருங்கள். எனக்கு வந்த ஒரு நாவலில் பதினாறு பக்கம் இரண்டு முறையும் அடுத்த பதினாறு பக்கம் இல்லாமலும் இருந்தது. ரசீது வைத்திருந்தால் பதிப்பகத்தார் மாற்றிக் கொடுப்பார்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய கடைகளில் பைண்டு புத்தகங்கள் கண்ணில் பட்டால் ஒரு நிமிஷமாவது நின்று புரட்டுங்கள். யாரோ ஒரு அம்மாள் வாராவாரம் இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துக் காலிகோ துணி ஒட்டித் தைத்தவை. சாண்டில்யனுக்கு லதா வரைந்தது, ‘தில்லானா மோகனாம்பா’ளுக்குக் கோபுலு வரைந்தது, சுஜாதாவுக்கு ஜெயராஜ் வரைந்தது எல்லாம் அங்கேதான் முழுசாகக் கிடைக்கும். ஆனால் சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள், என்னிடம் ஒன்றுக்கு நாலாயிரம் கேட்டார்கள். கதை படிப்பதற்காக அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கவும் வாய்ப்புண்டு, வாங்குவதாக இருந்தால் அத்தியாய எண்களைச் சரிபாருங்கள்.

இலங்கை எழுத்தாளர்களை நான் கடைசியாகத்தான் வந்தடைந்தேன், இங்கே கடைகளில் சுலபமாகக் கிடைக்காததுதான் காரணம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற மின்னூலகம் 2005 முதல் இயங்குகிறது, அங்கே தேடுங்கள். கே. டானியலின் ‘பஞ்சமர்’ படித்துக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமை பற்றிய நாவல். பேச்சு வழக்கு முதல் ஐம்பது பக்கம் பழகாது, அதற்காக மூடிவிடாதீர்கள், பிறகு தானாகவே ஓடுகிறது.